தலையாட்டலின் விபரீதங்கள்

மைசூர்ச் சீமையிலும் தமிழ் நாட்டிலுமாக முப்பது ஆண்டுக் காலம் வாழ்ந்து, நம்மவரைப் போலவே உடுத்தி, நம் ஊர்க் கதைகளைத் தேடித் திரட்டிக்கொண்டு, 1823-இல் தாயகம் திரும்பிய பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா, 1826-இல் பாரிஸ் நகரத்தில் அச்சான தம் கதைத் தொகுதியில், பஞ்சதந்திரத்துக்கும் பரமார்த்த குருவுக்கும் பக்கத்தில், நான்கு செவிடர்களின் கதை ஒன்றையும் சேர்த்திருக்கிறார். ஆட்டிடையன் ஒருவன், உச்சி வேளை கடந்தும் மனைவி சோறு கொண்டுவராததால் பசி பொறுக்காமல், அருகே பசுவுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த தலையாரியிடம், "சற்று என் மந்தையைப் பார்த்துக்கொள்" என்கிறான். இருவருக்கும் காது கேளாது. தன் புல்லில் பங்கு கேட்கிறான் என்று எண்ணிய தலையாரி கையை வீசி மறுக்க, அந்தக் கைவீச்சையே சம்மதமாகக் கொண்டு இடையன் வீட்டுக்கு ஓடுகிறான். திரும்பி வந்து, ஆடு ஒன்றும் குறையாதிருக்கக் கண்டு மகிழ்ந்து, நொண்டி ஆடு ஒன்றைத் தூக்கி வந்து வெகுமதியாக நீட்டினால், "அதன் காலை ஒடித்தவன் நான் அல்லன்" என்று தலையாரி சீறுகிறான். வழக்குத் தீர்க்க இருவரும் ஒரு குதிரைக்காரனை நிறுத்துகிறார்கள். அவனும் செவிடன், குதிரையோ அவனுடையதன்று, ஆகவே, "வழியில் நின்றது, ஏறிக்கொண்டேன், உங்களுடையதானால் வைத்துக்கொள்ளுங்கள்" என்று இறங்கிவிடுகிறான். கடைசியாக வந்த முதிய பிராமணரோ, மனைவியோடு சண்டையிட்டுக் காசிக்குப் புறப்பட்டவர். மூவரும் தம்மை வீடு திரும்பும்படி மன்றாடுவதாக நினைத்து, "அந்த ராட்சசியிடம் மறுபடி போகமாட்டேன்" என்று சாதிக்கிறார்.

காது கேளாதவரைப் பரிகசிக்கும் கதை என்றே இது காலங்காலமாகச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. ஆனால் சற்று நிதானித்துப் பார்த்தால், இந்த நால்வரையும் கெடுத்தது காதன்று. தலையாரிக்குப் புல்லின் மேல் கண். குதிரைக்காரனுக்கு மடியில் கனம். பிராமணருக்கு மனைவியின் நினைவு. ஒவ்வொருவரும் தத்தம் நெஞ்சில் ஓடிக்கொண்டிருந்ததையே எதிராளியின் வாயசைவில் கண்டார்களேயன்றி, "என்ன சொன்னாய்?" என்று ஒருவராவது திருப்பிக் கேட்கவில்லை. இந்தக் குணம் காது கேட்கிறவர்களுக்கும் பொது என்பதற்கு, சென்னையிலிருந்து தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் வேண்டிய அளவு அத்தாட்சி உண்டு.

ஊரப்பாக்கத்தில் அந்தச் சாலையின் ஓரத்தில் பஸ்ஸுக்காக நிற்கும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கத்தில் புதிய பஸ் நிலையம் திறக்கப்பட்டதிலிருந்து, மூட்டை முடிச்சுகளோடு வந்து வழி கேட்கும் வெளியூரார்க்கு இங்கே குறைவில்லை. ஒருவர் வந்து, "தம்பி, கிளாம்பாக்கத்துக்கு எந்தப் பக்கம் போகணும்?" என்கிறார். இளைஞர் தம் காதைத் தொட்டுக் காட்டிக் கையை ஆட்டுகிறார். வந்தவருக்கு, செல்போனில் யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறான் போலும் என்று தோன்றுகிறது. காத்திருந்து, மறுபடி இன்னும் உரக்கக் கேட்கிறார். மறுபடியும் அதே சைகை. தமிழ் புரியாத வடக்கத்திய தொழிலாளி என்று தீர்மானித்து, "பையா, பஸ் ஸ்டாண்ட் கிதர்?" என்று தமக்குத் தெரிந்த இந்தி முழுவதையும் பிரயோகம் செய்கிறார். தாம்பரத்துக்குத் தெற்கே, தமிழில் கேட்டுப் பதில் வராவிட்டால் இந்திக்குத் தாவுவது இப்போது சகஜமாகிவிட்டது. அதற்கும் பதில் வராதபோது, "இந்தக் காலத்துப் பசங்களுக்குத் திமிரைப் பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டு நகர்கிறார். சாலையை விரல் நீட்டிக் கேட்டிருந்தால், வழியை விரல் நீட்டியே சொல்லியிருப்பார் அந்த இளைஞர்.

2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இந்தியாவில் செவிப்புலன் குறைந்தோர் ஐம்பது இலட்சத்துக்கு மேல் என்று சொல்லிற்று. பிறவியிலேயே கேளாதவர்களும் முதுமையில் கேள்வி மங்கியவர்களும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டாலும், இரு சாராருடைய உலகமும் வேறு, அவரவரைச் சூழ்ந்து எழும் வேடிக்கைகளும் வேறு.

முதுமையின் வேடிக்கையை அறியாத குடும்பம் இல்லை. மகன் சொன்னால் தாத்தாவுக்குக் கேட்கிறது, மருமகள் சொன்னால் மட்டும் கேட்பதில்லை என்பது எத்தனையோ வீடுகளில் நெடுநாள் வழக்கு. அது வேண்டுமென்றே செய்யும் பாசாங்கு என்று தீர்ப்புச் சொல்லுகிறவர்கள், உட்செவியின் அமைப்பை அறிந்தால் தாத்தாவை விடுதலை செய்துவிடுவார்கள். நத்தைக் கூடு போன்ற அந்த உறுப்பின் வாயிலருகே உள்ள நுண்ணிய ரோம அணுக்களே உச்ச ஸ்தாயி ஒலிகளை வாங்குபவை. வயது ஏறும்போது முதலில் நலிவனவும் அவையே. ஆகையால் ஆணின் கனத்த குரல் எட்டும்போது, பெண்களுடையதும் குழந்தைகளுடையதுமான மெல்லிய குரல் எட்டாமற் போகிறது. உயிரெழுத்துக்கள் செவியில் விழும்போதே 'ச', 'த' முதலிய மெய்யோசைகள் நழுவிவிடுகின்றன. யாரோ பேசுகிறார்கள் என்பது தெரிகிறது, என்ன பேசுகிறார்கள் என்பதுதான் தெரிவதில்லை. இதனோடு இன்னொரு விபரீதமும் சேர்ந்துகொள்கிறது. பழுதுபட்ட செவிக்கு மெல்லிய ஒலி கேளாது. ஆனால் குரலைச் சற்று உயர்த்தினாலோ அது பன்மடங்காகப் பெருகி வலிக்கும். "தாத்தா, சாப்பிட வாங்க" என்று பேத்தி மெல்லச் சொன்னபோது அசையாதவர், அவள் கத்தியதும், "ஏம்மா இப்படிக் கத்தறே, எனக்கென்ன காது செவிடா?" என்று கடிந்துகொள்வது இதனால்தான். அவர் சொன்னது அவருடைய அனுபவத்தில் முற்றிலும் உண்மை.

பிறவியில் கேளாதவர்களுடைய சங்கடங்களுக்குக் காரணம் பெரும்பாலும் நம் உதடுகள். 1880-இல் இத்தாலியின் மிலான் நகரத்தில் கூடிய ஆசிரியர் மாநாடு ஒன்று, காது கேளாத குழந்தைகளுக்குச் சைகை மொழியை விலக்கி, உதட்டசைவைப் படிக்கவும் வாயால் பேசவும் மட்டுமே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் செய்தது. அந்தத் தீர்மானத்தின் நிழல் நூறு ஆண்டுக்குமேல் உலகமெங்கும் பள்ளிகளின் மீது படிந்திருந்தது. அதற்காக வருத்தம் தெரிவிக்க அதே மாநாட்டின் வாரிசுகளுக்கு 2010 வரை காலம் பிடித்தது. உதடு படிப்பது எவ்வளவு துர்லபமான வித்தை என்பதை அறிய விரும்புவோர், கண்ணாடி முன் நின்று குரல் எழுப்பாமல் 'மாமா' என்றும், பிறகு 'பாப்பா' என்றும் சொல்லிப் பார்க்கலாம். உதடுகள் இரண்டையும் ஏறக்குறைய ஒன்றாகவே உச்சரிக்கும். மருந்தும் பருந்தும், மணமும் பணமும் அப்படியே. "மணம் எப்போது?" என்று கல்யாண வீட்டில் விசாரித்த பெரியவருக்கு, "அடுத்த மாதம் கட்டாயம் கொடுத்துவிடுகிறேன்" என்று பதில் வந்தால் யாரைக் குறை சொல்வது? 'க'கரமோ அடிநாவிலேயே பிறந்து, உதட்டுக்கு வராமலே முடிந்துவிடுகிறது. இந்த இயற்கை இடையூறுகளின் மேல், புதர்போல் மீசை வளர்த்தவர்கள், வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே பேசுகிறவர்கள், 2020-இல் வாயையும் மூக்கையும் மூடிய முகக்கவசம் என்று மனிதர் சேர்த்தவை வேறு. கேளாதவர்க்காக இரக்கப்பட்டு வாயை அகலத் திறந்து ஒவ்வோர் எழுத்தாக நிறுத்திச் சொல்லுகிற புண்ணியவான்கள், இருக்கிற உருவத்தையும் சிதைத்துவிடுகிறார்கள்.

ஆகவே கேளாதவர் உதட்டை மட்டும் நம்பாமல் முகம், புருவம், தோள், சூழ்நிலை யாவற்றையும் சேர்த்துப் படிக்கிறார். அரசவைக்கு ஒன்றும் காதலுக்கு ஒன்றுமாகக் குறிப்பறிதலுக்கு இரண்டு அதிகாரம் வகுத்த வள்ளுவர், இவர்களுக்கு மூன்றாவது ஒன்று வகுத்திருந்தால் தகும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கேளாதவர்களின் ஆசாரங்களை நாம் தவறாகப் படிப்பதும் குறைவன்று. அவர்களிடையே ஒருவரை அழைக்க வேண்டுமானால் தோளைத் தட்டுவார்கள், கையை வீசுவார்கள், தரையைக் காலால் உதைத்து அதிர்வெழுப்புவார்கள், விளக்கை அணைத்து அணைத்துப் போடுவார்கள். இவற்றுள் ஒன்றேனும் மரியாதைக் குறைவு ஆகாது. ஆனால் மின்ரயிலில் கீழே விழுந்த பர்ஸை எடுத்துக் கொடுக்கும் நல்லெண்ணத்தோடு முன்பின் அறியாத ஒரு பெண்மணியின் தோளைத் தட்டிய கேளாத இளைஞர், அந்தப் பர்ஸைக் காட்டி முடிப்பதற்குள் சுற்றியிருப்பவர்களிடம் என்னென்ன கேட்டுக்கொள்ள நேரும் என்பதை எழுத வேண்டியதில்லை. இந்தியச் சைகை மொழியில் ஆடவனைக் குறிக்க மீசையையும், பெண்ணைக் குறிக்க மூக்குத்தி இடத்தையும் தொட்டுக் காட்டுவது வழக்கம். டீக்கடை வாசலில் ஒருவரைப் பற்றி நண்பனிடம் கையால் பேசும்போது மேலுதட்டின் மீது விரல் ஓடினால், மீசை முறுக்குவது போருக்கு அழைப்பதாகும் நம் நாட்டில், எதிர் பெஞ்சியில் இருப்பவருக்கு இரத்தம் கொதிப்பதில் ஆச்சரியம் இல்லை. சைகைப் பெயர்களும் அப்படித்தான். கன்னத்து மச்சம், சுருட்டை முடி, நெற்றித் தழும்பு என்று கண்ணுக்குப் பட்ட அடையாளமே பலருக்குப் பெயராகிவிடும். அதில் பழிப்பு ஒன்றும் இல்லை. "குண்டாகிவிட்டாய்" என்று நேருக்கு நேர் சொல்லிவிடுவார்கள் என்பதும் அவர்கள்மேல் சாட்டப்படும் குற்றங்களில் ஒன்று. நம் அத்தைமார்களுக்குக் காது நன்றாகவே கேட்கிறது. அவர்களும் அதைத்தான் சொல்லுகிறார்கள்.

தம்மைப் பற்றித் தாமே நகைத்துக்கொள்வதிலும் கேளாதவர்கள் பின்வாங்கியதில்லை. அமெரிக்கக் காது கேளாதோர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை ஒன்று பிரசித்தம். கேளாத தம்பதி விடுதி ஒன்றில் தங்குகிறார்கள். நள்ளிரவில் மனைவிக்குத் தலைவலி. கணவன் கார் எடுத்துக்கொண்டு மருந்து வாங்கப் போய்த் திரும்புகிறான். அறை எண் மறந்துவிட்டது. வரிசையாக இருண்ட கதவுகள். அவன் யோசித்து, ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொள்கிறான். அறைதோறும் விளக்கு எரிகிறது, ஒன்றைத் தவிர. எரியாத அந்த அறையை நோக்கி நடக்கிறான். இந்தக் கதையில் உறக்கம் கெட்டவர்கள் யாவரும் காதுள்ளவர்கள் என்பதில் சொல்பவர்க்கு ஓர் அந்தரங்கமான திருப்தி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

வாட்ஸ்அப்பும் வீடியோ அழைப்பும் வந்தபின் வாழ்க்கை எளிதாயிற்று என்பது பெருமளவு உண்மை. ஆனாலும் எழுத்தில் ஒரு புதுக் குழப்பம் பிறந்தது. சைகை மொழியில் 'கொடு' என்னும் கையசைவு, கொடுப்பவரிடமிருந்து வாங்குபவரை நோக்கிச் செல்லும். கையின் திசையே வேற்றுமை உருபு. அந்த இலக்கணத்தில் வளர்ந்தவர், "பணம் நான் நீ கொடு" என்று செய்தி அனுப்பினால், யார் யாருக்குக் கடன்பட்டவர் என்று தெரியாமல், காது கேட்கும் நண்பர் திகைக்கிறார். இதைக் கண்டு, படிப்பறிவில்லாதவர் என்று முடிவு கட்டுவது பேதைமை. பதினோராம் வயதில் செவியிழந்து, பின்னர் அமெரிக்காவில் பேராசிரியரான மதன் வசிஷ்டர் 1970-களில் சகாக்களோடு நம் நாட்டு நகரங்களில் சைகைகளைத் திரட்டி ஆராய்ந்தார். இந்தியச் சைகை மொழிக்கென இலக்கணம் உண்டு, அது ஒரு தனி மொழியே என்பது அதன்பின் ஐயமற நிலைபெற்றது. 2015-இல் டெல்லியில் இதற்கென மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் ஏற்பட்டது. 2018-இல் அது வெளியிட்ட மூவாயிரம் சொல் அகராதி 2021-க்குள் பதினாயிரமாயிற்று.

இவ்வளவுக்கும் அடியில் கிடக்கும் நோய், கேளாமையைக் காட்டிலும் சங்கோசமே என்பது என் அபிப்பிராயம். மூன்று முறை கேட்டும் புரியாத கேளாதவர், நான்காம் முறை எதிராளிக்குச் சலிப்பூட்ட அஞ்சி, புரிந்ததுபோல் தலையாட்டிவிடுகிறார். அவருடைய குரல் விளங்காத நாமோ, அவர் மனம் நோகுமே என்று பயந்து, அதே தலையாட்டலைத் திருப்பிச் செலுத்துகிறோம். இருவரும் புன்னகையோடு பிரிகிறார்கள். ஒருவர் சனிக்கிழமையும் மற்றவர் ஞாயிற்றுக்கிழமையும் வந்து காத்திருக்கிறார்கள். "புரியவில்லை, எழுதிக் காட்டுங்கள்" என்று சொல்லுவதில் இருவருக்குமே கௌரவக் குறைவு ஏதும் இல்லை. மின்ரயிலின் மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் ஊன்றுகோல் இல்லாமல், திடகாத்திரமாக அமர்ந்திருப்பவரை அதட்டி எழுப்ப முற்படுமுன், அவர் ஏன் விடை சொல்லவில்லை என்று ஒரு கணம் யோசிப்பதும் நல்லது.

தாம்பரம் நிலையத்தில் மாலை நேரத்தில், செங்கல்பட்டு வண்டி வேறு நடைமேடையில் வரும் என்று ஒலிபெருக்கி மும்மொழியில் முழங்கும். மூன்றும் கேளாதவர்க்கு ஒன்றே. கூட்டமெல்லாம் படிக்கட்டை நோக்கி ஓடும்போது ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருந்தால், அவர் எதிரே வந்து, நடைமேடை எண்ணை விரலால் காட்டுங்கள். ஐந்துக்கு மேற்பட்ட எண்ணானால் இரண்டு கையும் வேண்டியிருக்கும். கையிலுள்ள பையைக் கீழே வைத்துவிட்டுக் காட்டுங்கள்.