அப்பாயியின் மாத்திரையும் மயக்க மருந்தும்

கொஸ்லந்தைத் தோட்டத்து அப்பாயி ஒருவருக்குப் பதுளை பெரிய ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் என்று வைத்துக்கொள்வோம். பல வருஷமாகப் பிரஷருக்கும் சீனி வியாதிக்கும் மாத்திரை போடுகிறவர். முழு மயக்கம் கொடுத்த பிறகு அந்த மாத்திரைகள் பழையபடி வேலை செய்யுமா? இதற்கு விடை தெரிய, பிள்ளைகளே, மயக்க மருந்தின் பின்னாலேயே கொஞ்சத் தூரம் போகவேண்டும்.

புரொப்போஃபோல் என்றொரு மருந்து. சிரிஞ்சுக்குள் பால்வெள்ளையாகத் தெரியும். அது தண்ணீரில் சரியாகக் கரையாது. அதனால் சோயா எண்ணெயின் நுண்துளிகளில் கலந்து வைத்திருக்கிறார்கள். வெள்ளை நிறம் அந்தத் துளிகளால் வருவது. கை நாளத்தில் ஏற்றினால் ஒரு நிமிஷத்துக்குள் ஆளை உறங்க வைத்துவிடும். ஆனால் மூளையிலேயே தங்கியிருக்காது. இரத்தத்தோடு தசைக்கும் கொழுப்புக்கும் பரவும். ஈரல் அதை உடைக்கும், உடைந்தது சிறுநீரோடு போய்விடும். ஒரே ஊசியோடு நிறுத்தினால் சில நிமிஷங்களில் கண் திறந்துவிடும். அதனால்தான் ஒப்பரேஷன் முடியும்வரை மருந்தை விடாமல் ஏற்றுகிறார்கள், அல்லது செவோஃபுளுரேன் போன்ற ஆவியைச் சுவாசிக்கக் கொடுக்கிறார்கள். அந்த ஆவியில் பெரும்பகுதி மூச்சோடு திரும்ப வெளியே வந்துவிடும்.

ஆகவே மயக்க மருந்து அப்பாயியின் மாத்திரைகளைக் கெடுத்துவிட்டுப் போவதில்லை. அவற்றின் வேலையில் கொஞ்ச நாளைக்குத் தடுமாற்றம் வருவதுண்டு. அதற்குக் காரணங்கள் வேறு.

வெட்டுக்காயம் பட்டதும் உடம்பு கோர்ட்டிசோல், அட்ரினலின் போன்ற ஹோர்மோன்களைக் கூடுதலாகச் சுரக்கும். அவை இரத்தத்தில் சீனியை ஏற்றும். அதே மாத்திரை, அதே அளவு. சீனி மட்டும் அடங்காது.

இரண்டாவது காரணம் வயிறு. 1804இல் ஜப்பானிய வைத்தியர் ஹனாஓக்கா செய்ஷூ மூலிகை மருந்தைக் குடிக்கக் கொடுத்து, மயக்கத்தில் ஒப்பரேஷன் செய்தார். குடித்த மருந்து குடல் வழியாக இரத்தத்தில் சேரவேண்டும் என்பதால் மயக்கம் வர மணிக்கணக்கானது. அப்பாயியின் மாத்திரைக்கும் அதுதான் பாதை. ஒப்பரேஷனும் மோர்பின் போன்ற வலிமருந்தும் வயிற்றையும் குடலையும் மந்தமாக்கிவிடும். பெரகலையில் மண் சரிந்து பாதை அடைபட்டால் பஸ் என்ன செய்யும்? பழுதில்லாத பஸ்தான், ஆனால் நிற்கும். பாதை திறந்ததும் காலை பஸ்ஸும் பகல் பஸ்ஸும் ஒன்றாக வந்து சேரும். மாத்திரை வேலை செய்யவில்லை என்று நாமாகவே இன்னொன்று கொடுப்பது அதனால்தான் ஆபத்து.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதற்குத் தலைகீழானது: மாத்திரை ஒப்பரேஷன் மருந்தைப் பாதிப்பது. வலிப்புக்கு நெடுநாள் பெனிட்டோயின் அல்லது கார்பமசெப்பின் போடுகிறவர்களின் ஈரல், சில மருந்துகளை வேகமாக உடைக்கப் பழகியிருக்கும். ஒப்பரேஷனில் தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் ரொகுரோனியம் இவர்களுக்குச் சீக்கிரம் தீர்ந்துபோகும். வீட்டில் போட்ட மாத்திரை ஒப்பரேஷன் தியேட்டர் வரை கை நீட்டுகிறது!

வலிப்பு மாத்திரையை ஒப்பரேஷன் அன்றும் பெரும்பாலும் நிறுத்தமாட்டார்கள். சீனிக்கான கிளிக்லசைட்டை வெறும் வயிற்றில் போட்டால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம் என்பதால் அன்று காலை நிறுத்துவார்கள். லொசார்ட்டன் போன்ற பிரஷர் மாத்திரையும் மயக்க மருந்தும் சேர்ந்தால் பிரஷர் மிகவும் விழக்கூடும். எதைத் தொடர்வது, எதை விடுவது என்று டொக்டர்தான் சொல்லவேண்டும்.

அப்பாயிக்கு மருந்தின் பெயர் வாசிக்க வராமல் இருக்கலாம். உங்களுக்கு வருமே! கிளினிக் கொப்பியையும் மாத்திரைப் பைகளையும் ஒன்றாக எடுத்து வையுங்கள். கஷாயம், நாட்டு மருந்து, பக்கத்து லயத்தில் வாங்கிப் போட்ட மாத்திரை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, எந்த மாத்திரையை என்றைக்குத் தொடங்குவது, எவ்வளவு போடுவது என்று கேட்டு அதே தாளில் எழுதி வாங்கிவரச் சொல்லுங்கள்.