இருளிலும் ஓடும் மின்னோட்டம்



1873ஆம் ஆண்டிலே உவில்லோபி சிமித் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர், கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிப்பதற்குச் செலீனியக் கோல்களைப் பயன்படுத்தினார். அக்கோல்களின் தடை ஒரு நிலையில் நில்லாது அவரை அலைக்கழித்தது. பெட்டியின் மூடியைத் திறந்தால் தடை குறைந்தது, மூடினால் கூடியது. ஒளியே காரணமென்பது புலனாயிற்று. ஒளியை உணரும் குறைகடத்திகளின் கதை இவ்வாறு தொடங்கியது.

இன்று இத்துறையில் சிலிக்கன் கோலோச்சுகின்றது. அதனை வெல்வோம் என்று கிரபீன், பெரோவ்ஸ்கைற்று, ஈயசல்பைட்டுக் குவாண்டம் புள்ளிகள் ஆகியன புறப்பட்டுள்ளன. எது சிறந்தது என்பதை எவ்வாறு அறிவது? இங்கேதான் சிக்கல் உண்டு.

முதலில் நோக்கப்படுவது துலங்குதிறன். ஓர் உவாற்று ஒளி விழும்போது எத்தனை அம்பியர் மின்னோட்டம் பிறக்கின்றது என்பதே அது. ஒவ்வோர் ஒளித்துணிக்கையும் தவறாது ஓர் இலத்திரனைத் தருமாயின், 620 நனோமீற்றர் அலைநீளமுள்ள செவ்வொளிக்கு விடை அரை அம்பியராகும். ஆனால் 2012ஆம் ஆண்டில், கிரபீனின்மீது ஈயசல்பைட்டுப் புள்ளிகளைப் பூசிச் செய்த உணர்கருவியொன்று உவாற்றுக்கு ஏறத்தாழ ஒரு கோடி அம்பியர் தந்ததாக அறிவிக்கப்பட்டது. இது பொய்யன்று. ஒளி பிறப்பித்த ஏற்றங்களுள் ஒருவகை புள்ளிகளிலே சிறைப்பட்டுக் கிடக்க, மறுவகை கிரபீனின் வழியே பன்முறை சுற்றிவருகின்றது. சிறையிருப்புக் காலத்தை ஒருமுறை கடக்கும் காலத்தால் வகுத்தால் பெருக்கம் கிடைக்கும்.

பெருக்கம் வேண்டுமாயின் சிறையிருப்பு நீளவேண்டும். அது நீண்டால், ஒளி அணைந்த பின்னரும் மின்னோட்டம் உடனே அடங்காது. செக்கனுக்குப் பலகோடி ஒளித்துடிப்புக்களை வாங்கும் தொலைத்தொடர்புக் கம்பியின் முனையில் இத்தகைய கருவி பயன்படாது. ஆகவே துலங்குதிறனைக் கூறுவோர் வேகத்தையும் உடன் கூறுதல் வேண்டும்.

இரவிலே தொலைதூர நிலையமொன்றைச் சிற்றலையில் கேட்க முயன்றவர்களுக்கு அடுத்த விடயம் எளிதில் விளங்கும். ஒலியைக் கூட்டினால் பாடலும் கூடும், இரைச்சலும் கூடும். உணர்கருவியிலும் இவ்வாறே. முழு இருளிலும் சிறு மின்னோட்டம் ஓடுகின்றது, அது நடுங்குகின்றது. அந்த நடுக்கத்திற்குள் அமிழ்ந்துபோகாத மிகக் குறைந்த ஒளி எவ்வளவு என்பதே உண்மையான வினா. பெரிய கருவிக்கும் சிறிய கருவிக்கும் நீதி வழங்கும்படி, பரப்பையும் அதிர்வெண் அகலத்தையும் கணக்கிற்கொண்டு ஓர் அளவையை 1950களில் வகுத்தவர் போலரோயிட் நிறுவனத்தின் ஆர். கிளாக் ஜோன்ஸ். அவ்வளவையின் அலகு இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது.

நல்ல அளவைதான்; ஆனால் அதனைக் குறுக்கு வழியிற் பெறுவோர் பலர். இரைச்சலை அளப்பது தொல்லையான வேலை. எனவே இருள் மின்னோட்டத்தை மட்டும் அளந்து, இலத்திரன்கள் தனித்தனியே வருவதால் எழும் இரைச்சலைக் கணக்கிட்டு, அதுவே முழு இரைச்சலென்று எழுதிவிடுகின்றனர். புதிய பொருள்களில், குறைகள் மலிந்த படலங்களில், தாழ்ந்த அதிர்வெண்களிலே எழும் இரைச்சலே பெரும்பாலும் மிகுதி. அதை விட்டுவிட்டால் எண் பத்து மடங்கு, நூறு மடங்குகூட ஊதிப்போகும். வெப்பத்தைக் காணும் கருவிக்கோ நோயாளியின் விரலில் மாட்டும் ஒட்சிசன்மானிக்கோ பொருள் தெரிவு செய்பவர் அவ்வெண்ணை நம்பினால், இழப்பு அவருடையது.

பரப்பிலும் ஒரு வழு நேர்வதுண்டு. ஒளிக்கற்றை கருவியைவிட அகன்றிருக்கும்; ஓரங்களுக்கு வெளியே விழுந்த ஒளி பிறப்பித்த இலத்திரன்களும் உள்ளே பரவிவரும். கணக்கிலோ நடுப்பகுதியில் விழுந்த ஒளி மட்டுமே சேர்க்கப்படும். சிறிய ஊசித்துளை மறைப்பொன்று இதனைத் தீர்த்துவிடும்.

ஐயம் தோன்றினால் ஒரு சோதனை உண்டு. அறையின் சுவர்களும் நம் உடலும் எப்பொழுதும் செந்நிறக் கீழ்க் கதிர்களை வீசுகின்றன. அக்கதிர்களின் இயல்பான நடுக்கம், சுற்றுப்புறத்தை நோக்கித் திறந்திருக்கும் எந்தக் கருவிக்கும் ஓர் உச்சவரம்பை விதிக்கின்றது. பத்து மைக்கிரோமீற்றர் அளவிலான அலைநீளத்தில், அத்தகைய கருவியொன்று அவ்வரம்பையும் தாண்டியதாக அறிக்கை கூறுமாயின், புதிய பொருளை வியப்பதன்முன் பழைய அளவுகோலைத் திரும்பவும் எடுத்துப் பார்ப்பதே முறை.