ஹீட்டர் கேபிளும் நம் பழைய வேனும்

வேனின் ஹீட்டரைப் பற்றிக் கொழும்பு வியாபாரிகளிடம் பேசினால், இந்த வெயிலில் அது எதற்கு என்று சிரிப்பார்கள். ஹட்டனில் கடை வைத்துக்கொண்டு, தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா என்று தோட்டப் பக்கங்களுக்குத் துணிமணி ஏற்றிச் செல்லும் என்னைப் போன்றவர்களுக்கு அது சிரிக்கும் விடயமல்ல. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் சில நாட்கள் புல்லின் மீது உறைபனியே படியும். சுபஹு நேரத்தில் நாலு பேர் ஏறிய வேனின் முன்கண்ணாடி உட்புறமாக மங்கிவிட்டால் பாதை எது, பள்ளம் எது என்று தெரியாது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் 'டொல்பின்' ஹையேஸ் போன்ற பழைய வேன்களின் விலை எங்கே போனது என்பதை நாம் அறிவோம். கையிலுள்ள வேன்தான் நம் முதல். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இத்தகைய வேன்கள் பலவற்றில் டெஷ்போர்ட்டிலுள்ள நெம்புகளிலிருந்து மூன்று, நான்கு கேபிள்கள் போகின்றன. ஒன்று எஞ்சினின் சுடுதண்ணீரை ஹீட்டருக்குள் விடும் வால்வைத் திறக்கும். மற்றவை காற்று கண்ணாடிக்கா காலுக்கா, வெளிக்காற்றா உள்காற்றா என்பதைத் தீர்மானிக்கும் கதவுகளை அசைக்கும். கண்ணாடி மங்கும்போது வெளிக்காற்றில் வைக்க வேண்டும். உள்காற்றிலேயே நெம்பு இறுகிக் கிடந்தால் நம் மூச்சின் ஈரமே திரும்பத் திரும்பக் கண்ணாடியில் படியும். ஏசி வேலை செய்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள். அது ஈரத்தை உறிஞ்சும், ஹீட்டர் சூட்டைத் தரும், கண்ணாடி விரைவில் தெளியும்.

நெம்பு இறுகினால் பலத்தைக் காட்டாதீர்கள். உள்ளே இருக்கும் கம்பி மடங்கிவிட்டால் பிறகு நேராக ஓடாது. எஞ்சின் ஆறியபின் வால்வு முனையில் கேபிளைக் கழற்றிவிட்டு நெம்பை அசைத்துப் பாருங்கள். இலகுவாக அசைந்தால் கோளாறு வால்வில். அப்போதும் இறுகியிருந்தால் கேபிளில். நெம்பு தடையே இல்லாமல் ஓடினால் கம்பி கொக்கியிலிருந்து கழன்றிருக்கும், அல்லது அறுந்திருக்கும். உறையைப் பிடிக்கும் கிளிப் விட்டுப்போயிருந்தால் நெம்பு அசையும், வால்வு அசையாது. திரும்ப மாட்டும்போது நெம்பைக் குளிர் பக்கம் கடைசிவரை தள்ளி, வால்வைக் கையால் முழுதாக மூடி, உறையின் தளர்வை எடுத்துவிட்டுக் கிளிப்பைப் போட வேண்டும். கேபிளுக்குள் மெல்லிய எண்ணெய் சில துளிகள் போதும். கிறீஸ் குளிரில் தடித்துத் தூசியைச் சேர்க்கும்.

சில இடங்களில் அறுந்த கேபிளுக்குப் பதிலாக சைக்கிள் பிரேக் கேபிளைப் போட்டுவிடுகிறார்கள். மலிவுதான், ஆனால் அது இழுக்க மட்டுமே உதவும், தள்ளும்போது வளைந்துவிடும். வால்வு திறக்கும், மூடாது. ஹீட்டர் கேபிளில் இருப்பது ஒற்றை இரும்புக் கம்பி. பஞ்சிகாவத்தையில் பழைய சாமான்களில் தேடினால் நீளம் பார்த்து எடுக்கலாம்.

வால்வு இறுகுவதற்குப் பெரும்பாலும் காரணம் துரு. வழியிலுள்ள ஓடைத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றும் பழக்கம் நம்மிடம் அதிகம். கூலன்ட் விலையைப் பார்க்கிறோம், ஹெட் கழற்றும் செலவைப் பார்ப்பதில்லை. வால்வைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்திருந்தால் கசிவு தொடங்கிவிட்டது. வருடம் முழுக்க, தேவையில்லாத மாதங்களிலும், வாரத்துக்கு ஒருமுறை நெம்புகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்து வந்தால் கேபிளும் வால்வும் இறுகாது.

இன்னொரு பயனும் உண்டு. இறம்பொடை ஏற்றத்தில் பாரத்தோடு போகும்போது சூட்டு முள் ஏறத் தொடங்கினால், ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துக் காற்றாடியை வேகமாக விட்டால் எஞ்சினின் சூட்டில் ஒரு பகுதி உள்ளே இழுக்கப்படும். நமக்கு வியர்க்கும், ஆனால் ஓரம் கட்ட இடம் கிடைக்கும்வரை எஞ்சின் தாங்கும்.

கீழ்நாட்டிலிருந்து வேன் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே ஹீட்டர் ஹோஸ்களைக் கழற்றி ஒன்றோடொன்று இணைத்துவிடும் வழக்கம் உண்டு. எஞ்சின் சூடானதும் நெம்பைச் சூட்டுப் பக்கம் தள்ளி, ஹீட்டருக்குப் போகும் ஹோஸையும் திரும்பி வரும் ஹோஸையும் அவதானமாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடாக இருக்க வேண்டும். ஒன்று குளிர்ந்திருந்தாலும், ஹோஸே இல்லாவிட்டாலும் விலையைப் பேசும்போது அதையும் பேசுங்கள்.