ஒரு நாள் விட்டால் என்ன ஆகும்?

கோவை கணபதியில் வாழ்ந்த யோகா பாட்டி நானம்மாள் 2019 அக்டோபரில், 99 வயதில் காலமானார். பொள்ளாச்சிப் பக்கம் ஜமீன் காளியாபுரத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே அப்பாவிடம் ஆசனம் கற்றவர். 2018இல் பத்மஸ்ரீ வாங்கினார். சேலை கட்டியபடியே அவர் உடம்பை வளைத்து நிற்கும் படம் பேப்பரில் வந்த வாரங்களில் ஊரில் எத்தனை பெண்கள் யோகா பாய் வாங்கியிருப்பார்களோ! அதில் பாதி இன்று பீரோவுக்குப் பின்னால் சுருண்டு கிடக்கும்.

சோம்பல் என்று சொல்லிவிடலாம். நான் ஒப்ப மாட்டேன். விடிகாலையில் எழுந்து வாசல் தெளித்து, மூன்று டிபன் பாக்ஸ் கட்டி, ஷிப்டுக்கு மில் பஸ் பிடிப்பவரிடம் சோம்பல் எங்கே இருக்கிறது? சிக்கல் வேறு. திங்கட்கிழமை ஜோராக ஆரம்பிக்கும். வியாழக்கிழமை மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டிவரும். வெள்ளிக்கிழமை மனசு சொல்லும்: "விட்டுப்போச்சுல்லங்க, இனி ஒண்ணாந்தேதி பாத்துக்கலாம்."

இந்த 'போனது போச்சு' மனநிலை ஆய்வுக்கூடத்தில் பிடிபட்டு அரை நூற்றாண்டாகிறது. 1975இல் பீட்டர் ஹெர்மனும் டெபோரா மேக்கும் கல்லூரிப் பெண்களுக்கு மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, ருசி பார்க்க ஐஸ்கிரீமை நீட்டினார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடு இல்லாதவர்கள் வயிறு நிறைந்ததால் குறைவாகச் சாப்பிட்டார்கள். டயட்டில் இருந்தவர்களோ மில்க் ஷேக் குடித்த பிறகுதான் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். எப்படியும் இன்றைய கணக்கு கெட்டது, இனி என்ன என்ற எண்ணம். மில்க் ஷேக் ஏற்றிய கலோரி போதாதென்று அந்த எண்ணமும் ஏற்றியது.

ஒரு நாள் விடுபட்டால் கணக்கு நிஜமாகவே கெடுகிறதா? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியின் குழு இதை அளந்து பார்த்தது. முடிவுகள் 2010இல் அச்சாயின. 96 பேர் ஆளுக்கொரு பழக்கத்தைத் தேர்ந்து 84 நாள் செய்தார்கள்: மதியச் சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது, இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஓடுவது என்று. யோசிக்காமலே கை அதற்குப் போகிற நிலை வர நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று. குறைந்தது 18, அதிகபட்சம் 254. (84 நாள் ஆய்வில் 254 எப்படி? வளைகோட்டை நீட்டிக் கணக்கிட்டதுதான்.) 21 நாளில் பழக்கம் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கணக்கு, 1960இல் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் எழுதிய புத்தகத்திலிருந்து திரிந்து வந்தது.

லாலியின் ஆய்வில் எனக்குப் பிடித்தது வேறொன்று. ஒரு நாள் தவறவிட்டவர்களின் வளைகோடு லேசாக இறங்கி, மறுபடி பழைய பாதைக்கே வந்துவிட்டது. அடிக்கடி விட்டவர்களுக்குத்தான் பழக்கம் படியவில்லை.

காரணத்தின் ஒரு நுனி மூளைக்குள் தெரிகிறது. அமெரிக்காவின் எம்ஐடியில் ஆன் கிரேபீலின் குழு, டி வடிவப் பாதையில் சாக்லேட்டுக்காக ஓடும் எலிகளின் நரம்பணுக்களைக் கவனித்தது. பழக்கம் படியப் படிய, மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரியேட்டம் என்ற பகுதியில் ஓட்டத்தின் ஆரம்பத்திலும் முடிவிலும் மட்டும் துடிப்பு எழுந்தது, நடுவில் அமைதி. சாக்லேட்டை நிறுத்தினார்கள், அந்தக் கோலம் மங்கியது. அழிந்தே போனது என்றுதான் தோன்றும். சாக்லேட்டைத் திரும்ப வைத்ததும் அதே கோலம் சட்டென்று மீண்டுவந்தது! எலிக்கு நடந்தது நமக்கும் அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் பாயைச் சுருட்டி வைத்தவர் பூஜ்யத்திலிருந்து தொடங்கவேண்டும் என்று யார் சொன்னது? ஒரு நாள் தண்ணீர் விடவில்லை என்று பொள்ளாச்சியில் யாரும் தென்னையை வெட்டுவதில்லை.

'ஒழுங்காகச் செய்வது' என்பதன் அளவும் இறங்கியிருக்கிறது. குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் உடற்பயிற்சி என்ற நிபந்தனையை உலக சுகாதார நிறுவனம் 2020இல் எடுத்துவிட்டது. வாரம் குறைந்தது 150 நிமிடம் என்ற அளவு மாறவில்லை. அதைத் துண்டு துண்டாகவும் சேர்க்கலாம். இது நம் வீட்டுக்கு ரொம்பப் பொருந்தும். 2019 தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லா வீட்டு வேலை செய்கிற பெண்களுக்கு அதில் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் போனது. செய்கிற ஆண்களுக்கு 97. அதற்கு நடுவில் கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையை ஒரு சுற்று வர அரை மணி கேட்கும். அரிசிம்பருப்பு சாதத்துக்குக் குக்கர் மூடியதிலிருந்து மூன்றாவது விசில் வரைக்கும் கிடைக்கிற நேரம் ஏற்கெனவே அடுப்படியில் இருக்கிறது. மேடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழ அது போதும். விசில் தினமும் வரும், அதுவே ஞாபகப்படுத்தும்.

விடுபடும் நாளை முன்கூட்டியே கணக்கில் வைப்பது இன்னும் கெட்டிக்காரத்தனம். மரிசா ஷரீஃப், சூசான் ஷூ இருவரின் 2017 ஆய்வில், ஒரு குழுவுக்கு ஏழு நாளும் ஒரு வேலையைச் செய் என்று இலக்கு வைத்து, தவிர்க்கமுடியாமல் போனால் இரண்டு நாள் விட்டுக்கொள்ளலாம் என்று கையில் கொடுத்தார்கள். வெறும் ஏழு நாள் இலக்கு உள்ளவர்களைவிட, ஏன், ஐந்தே நாள் செய்தால் போதும் என்று சொல்லப்பட்டவர்களைவிடவும், இவர்களே அதிகம் பேர் இலக்கை முடித்தார்கள். நம் ஊருக்கு இந்த இரண்டு நாளும் பத்துமா என்பதுதான் சந்தேகம். மாரியம்மன் நோம்பி வந்தால் அதற்கே மூன்று நாள் போய்விடும். வைகாசி முகூர்த்தங்களுக்குத் தனியாக ஒதுக்க வேண்டும்.