பூநாரைக்கு பாயிண்ட் கிடையாது!

பழவேற்காடு ஏரிக்கு வருஷா வருஷம் பறந்து வருகிற பூநாரைகளுக்கு மைலேஜ் கார்டு கிடையாது. நமக்கு உண்டு. ஆபீஸ் செலவில் பறந்து, மைல்களை நம் பெயரில் சேர்த்து, 'அப்புறம் பார்க்கலாம்' என்று பூட்டி வைக்கிறோம்.

இங்குள்ள மீனவர்களிடம் 'பாடு' என்றொரு ஏற்பாடு. மீன்பிடி இடங்களை முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். "நம்ம முறை அன்னிக்கு வீட்ல படுத்துட்டா, மீன் காத்துக்கிட்டு இருக்குமா தம்பி?" என்று சிரித்தார் படகுக்காரப் பெரியவர் ஒருவர். எனக்கு மைல்கள்தான் ஞாபகம் வந்தன.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் சாதாரண உறுப்பினரின் மைலுக்கு ஆயுள் 3 வருஷம். நடுவில் எத்தனை தடவை பறந்தாலும் பழைய மைல் காலிதான். கத்தார், பிரிட்டிஷ் ஏர்வேஸ் தரும் 'ஏவியோஸ்' வேறு ரகம். 36 மாதத்துக்குள் ஒரு தடவை சேர்த்தாலோ செலவழித்தாலோ மொத்தமும் பிழைக்கும். 2022 முதல் இந்த இரண்டு கணக்குகளையும் இணைத்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றிக்கொள்ளலாம்.

இங்கேதான் நம் இனிஷியல் காலை வாரும்! ஒன்றில் 'எஸ்.குமார்', இன்னொன்றில் 'குமார் சுப்பிரமணியன்' என்றிருந்தால், கம்ப்யூட்டர் இரண்டு ஆள் என்று சாதிக்கும். எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போடுங்கள்.

இணைத்தாயிற்றா? செலவழித்துவிடுங்கள். ஏரியில் மீன்கொத்தி இன்றும் பறக்கிறது. அதன் பெயர் வைத்த கிங்ஃபிஷர் விமானம் 2012 அக்டோபரோடு தரையிறங்கிவிட்டது. பாயிண்ட் சேர்த்தவர்களுக்குக் கார்டுதான் மிச்சம்.