கேதாரத்துக்கு என்ன உடுத்திப் போவது?

கயிலைக்குப் புறப்பட்ட அப்பர் சுவாமிகள் பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து, அங்கேயே கயிலைக் காட்சி கண்டார் என்பது நம் தஞ்சைச் சீமையில் குழந்தைகளுக்கும் தெரிந்த கதை. நமக்கு அந்தச் சலுகை கிடையாது. குதிரை, டோலி, ஹெலிகாப்டர் எதுவும் வேண்டாமென்றால், கேதாரநாதரைத் தரிசிக்க கௌரிகுண்டத்திலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் மலையேறித்தான் ஆகவேண்டும்.

கேதாரம் 3,583 மீட்டர் உயரம். தஞ்சாவூர் நூறு மீட்டர்கூட இல்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி உஷ்ணம் குறையும் என்பது கணக்கு. குளிருக்குப் பயந்து கனமான ஸ்வெட்டரும் சால்வையும் குல்லாயும் வாங்கிவிடுகிறோம். உள்ளே? வழக்கமான பருத்தி ரவிக்கை, பருத்தி பனியன்!

வினையே அங்கேதான் இருக்கிறது, வாசகிகளே! ஏறும்போது குளிரிலும் வேர்க்கும். பருத்தி அத்தனை வேர்வையையும் குடித்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். டீக்கடையில் சற்று உட்கார்ந்தால் போதும், அந்த ஈரமே எமனாகும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 24 மடங்கு வேகமாக உஷ்ணத்தைக் கடத்தும். மேலே எத்தனை ஸ்வெட்டர் போட்டு என்ன? முதலில் நடுக்கம், பிறகு பேச்சுக் குழறும், கால் தடுமாறும். “பாவம், களைப்பு” என்று சும்மா விட்டுவிடுகிறோம். உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து. உடனே காற்றுப்படாத இடத்தில் ஈர உடுப்பைக் களைந்து, உலர்ந்ததை உடுத்திப் போர்த்தி, வைத்திய உதவி தேடவேண்டும்.

மலையேறுகிறவர்கள் உடம்போடு ஒட்டி அணிவது மெரினோ ஆட்டின் கம்பளியில் நெய்த மெல்லிய உள்ளுடுப்பு. “கம்பளியா, குத்துமே!” என்று முகம் சுளிக்காதீர்கள். குத்துவது முப்பது மைக்ரானுக்கு மேற்பட்ட முரட்டு இழை. இந்த உள்ளுடுப்புகளின் இழை பெரும்பாலும் 17 முதல் 19 மைக்ரான்தான். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஆவியாக உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரம் தெரியாது. நாலு நாள் போட்டாலும் அவ்வளவாக வாடை வராது. பட்டும் கம்பளியும் மடி என்று வைத்தார்களே நம் பாட்டிமார், அவர்கள் ஞாபகம்தான் எனக்கு வந்தது!

மெரினோ ஏதோ அந்நிய தேசத்துச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி நிலையம் 1965 முதல் இருக்கிறது. ‘பாரத் மெரினோ’ ஆடுகளை அங்கே பார்க்கலாம்.

விலைதான் கையைக் கடிக்கும். ஆளுக்கு இரண்டு ஜோடி போதும். ஒன்று உடம்பில், ஒன்று பையில் நனையாமல். அதுவும் முடியாவிட்டால், விளையாட்டுக்காரர்கள் போடும் பாலியெஸ்டர் பனியன் பருத்திக்கு எவ்வளவோ மேல். புடவைதான் கட்டுவேன் என்கிற மாமிகள் முழுக்கை உடுப்பை ரவிக்கைக்குள்ளும், நீளக் கால்சட்டையைப் புடவைக்குள்ளும் போட்டுக்கொள்ளலாம். யார் பார்க்கப் போகிறார்கள்? தொளதொளவென்று மட்டும் வாங்காதீர்கள்.

ஊர் திரும்பியதும் பச்சைத் தண்ணீரில் பூந்திக்கொட்டை போட்டு அலசி, முறுக்காமல் நிழலில் பரப்பி உலர்த்துங்கள். ஐப்பசி அடைமழைக்கு முன் நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத பையில் வைக்காவிட்டால் பூச்சி அரித்துவிடும். மறந்துபோய் வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்தீர்களோ, அப்புறம் அது உங்கள் பேத்திக்குத்தான் சரியாக இருக்கும்!