தொடை வலிக்கு யார் காரணம்... மாத்திரையா, ஷிப்ட்டா?

"ஏங்க, கொலஸ்ட்ரால் மாத்திரை அட்டை பிரிக்காம அப்படியே இருக்கே... போடறதில்லையா?"

"நிறுத்திட்டேன். ரெண்டு தொடையும் ஒரே வலி. அந்த மாத்திரை சதையையே தின்னுடும்னு கம்பெனி பஸ்ல சொன்னாங்க."

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய பேச்சுதான் இது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை கார் தயாரிக்க ஆரம்பித்தது 1998-ல். அப்போது இருபத்தைந்து வயதில் இந்தப் பக்கம் வேலைக்கு வந்தவர், இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார். மெடிக்கல் செக்-அப்பில் கொலஸ்ட்ரால் எட்டிப் பார்க்கிற வயசு! இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு 24 பேருக்கு கொலஸ்ட்ரால் அதிகம் என்கிறது 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு.

டாக்டர் எழுதித் தருவது பெரும்பாலும் அட்டோர்வாஸ்டாட்டின் அல்லது ரோசுவாஸ்டாட்டின். 'ஸ்டாட்டின்' குடும்பத்து மாத்திரைகள் இவை. கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிக்கும் வேகத்தைக் குறைத்து, மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தள்ளிப்போடுபவை.

சரி, இவற்றால் தசை வலி வருமா? வரும். பொய்யில்லை. ஆனால், எத்தனை பேருக்கு என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பயம் எங்கிருந்து வந்தது?

செரிவாஸ்டாட்டின் என்று ஒரு மாத்திரை இருந்தது. அதைச் சாப்பிட்ட சிலருக்குத் தசை நார்கள் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்து, உயிரே போனது. 2001 ஆகஸ்டில் அது உலகச் சந்தையிலிருந்தே வாபஸ் ஆனது. இன்று கடையில் கிடைக்கும் ஸ்டாட்டின்களில் இப்படிப்பட்ட கடுமையான பாதிப்பு ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு.

சாதாரண வலி? ஏறத்தாழ 1,24,000 பேர் பங்கேற்ற 19 ஆய்வுகளை அலசி, 2022-ல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். நிஜ மாத்திரை சாப்பிட்டவர்களில் 27.1 சதவிகிதம் பேர் தசை வலி என்றார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில்? 26.6 சதவிகிதம்! அதாவது, வலி சொன்னவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் காரணம் மாத்திரை இல்லை. மாத்திரையால் கூடுதலாக வரும் வலியும் பெரும்பாலும் முதல் வருஷத்தோடு சரி.

2020-ல் லண்டனில் இன்னொரு சோதனை. ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திய 60 பேருக்கு ஒரு மாதம் நிஜ மாத்திரை, ஒரு மாதம் வெற்று மாத்திரை, ஒரு மாதம் எதுவுமில்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட மாதங்களிலும் கிட்டத்தட்ட அதே தொந்தரவு! விஷயத்தை விளக்கிச் சொன்னதும் பாதிப் பேர் மறுபடி மாத்திரைக்குத் திரும்பினார்கள்.

அதற்காக, 'எல்லாம் மனப்பிரமை' என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள். வலி நிஜம். காரணம்தான் வேறு.

எப்படிக் கண்டுபிடிப்பது?

மாத்திரை வலி பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வரும். தொடை, இடுப்பு, கெண்டைக்கால், தோள் போன்ற பெரிய தசைகளில். மாத்திரை ஆரம்பித்த, அல்லது டோஸ் கூட்டிய சில வாரங்களில் தலைகாட்டும். மாடிப்படி ஏறவும், தரையிலிருந்து எழவும் சிரமமாக இருக்கும்.

லைனில் எட்டு மணி நேரம் நின்று வரும் வலி வேறு மாதிரி. ஒரு பக்கத் தோள், மணிக்கட்டு, முட்டி, கீழ்முதுகு என்று ஓரிடத்தில் பிடிக்கும். வார லீவில் குறையும், திங்கட்கிழமை திரும்பும்.

சந்தேகம் என்றால் டாக்டர் சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனை எழுதுவார். இங்கே ஒரு எச்சரிக்கை. டபுள் ஷிப்ட் பார்த்த மறுநாளோ, பளு தூக்கிய மறுநாளோ ரத்தம் கொடுத்தால் சி.பி.கே. தானாகவே ஏறியிருக்கும். உழைப்பு ஏற்றிய எண்ணுக்கு மாத்திரை பழி சுமக்கும்! இரண்டு மூன்று நாள் கடின வேலை இல்லாமல் இருந்துவிட்டுக் கொடுப்பது நல்லது. கூடவே தைராய்டு, வைட்டமின் டி இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலே தசை வலிக்கும், கொலஸ்ட்ராலும் ஏறும்.

கூட்டாளி மாத்திரை ஜாக்கிரதை!

வியர்வையில் படை வந்து, கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் இட்ராகோனசோல், சளிக்குத் தரும் கிளாரித்ரோமைசின் போன்றவை சில ஸ்டாட்டின்களின் அளவை ரத்தத்தில் பல மடங்கு ஏற்றிவிடும். எதற்காக டாக்டரிடம் போனாலும், "கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடறேன்" என்று முதலில் சொல்லுங்கள்.

மாத்திரைதான் காரணம் என்றால்?

அப்போதும் வழி இருக்கிறது. டாக்டர் சில வாரம் நிறுத்திப் பார்ப்பார். வலி போனால் குறைந்த டோஸில், அல்லது வேறு ஸ்டாட்டினில், சிலருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று மறுபடி ஆரம்பிப்பார். அதுவும் ஒத்துவராவிட்டால் எசெடிமிப் போன்ற வேறு ரக மாத்திரைகள் உண்டு.

உடனே ஓட வேண்டியது எப்போது?

சிறுநீர் கறுப்புக் காபி நிறத்தில் போனால், கூடவே தாங்க முடியாத தசை வலி, எழுந்து நிற்க முடியாத பலவீனம் இருந்தால்... மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மறுநாள் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது.

மற்றபடி, நீங்களாக நிறுத்த வேண்டாம். முக்கியமாக, ஒரு முறை மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் நிறுத்தவே கூடாது. தமிழக அரசு 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்போடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் தரும் மூன்று மருந்துகளில் அட்டோர்வாஸ்டாட்டினும் ஒன்று என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

எனவே இல்லத்தரசிகளே... பிரிக்காத அட்டையைப் பார்த்தால் கோபப்படாதீர்கள். ஒரு தாளை எடுத்து, மாத்திரை ஆரம்பித்த தேதி, வலி ஆரம்பித்த தேதி, வலிக்கும் இடம், சாப்பிடும் மற்ற மருந்துகள் என்று நான்கு வரி எழுதி, வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். கம்பெனி பஸ்ஸில் கிடைக்காத பதில் அங்கே கிடைக்கும்.